ஆடு நனையாவிட்டால் போலீஸ் வரும்!

'ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்' என்று நம்ம ஊரில் பழமொழி உண்டு. இங்கிலாந்தில் கதையே தலைகீழ்! அங்கே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, 'ஐயையோ, ஆடு நனையவில்லையே...' என்று கவலைப்பட்டது அரசாங்கம். சும்மா கவலைப்படவில்லை. சட்டம் போட்டது, இன்ஸ்பெக்டர்களை அனுப்பியது. ஆடுகள் மருந்துத் தொட்டியில் ஒழுங்காக முங்கி எழுகின்றனவா என்று பார்க்க, யூனிஃபார்ம் போட்ட போலீஸ்காரரைத் தொட்டியின் ஓரத்தில் கையில் கடிகாரத்தோடு நிறுத்தியது.

திருடனைப் பிடிக்க வேண்டிய போலீஸுக்கு ஆட்டைக் குளிப்பாட்டும் இடத்தில் என்ன வேலை? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

காரணம், ஒரு பூச்சி. சரியாகச் சொன்னால் பூச்சிகூட இல்லை, எட்டுக் கால் உண்ணி வகை. விஞ்ஞானிகள் வைத்த பெயர் சோராப்டிஸ் ஓவிஸ். நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. கறுப்புத் துணியில் வைத்துக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் வெள்ளையாக ஒரு புள்ளி நகரும். அவ்வளவுதான் அதன் பர்சனாலிட்டி! ஆனால், இந்தப் புள்ளி மடாலயங்களைக் கடனாளியாக்கியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஓர் அரசியல் கட்சிக்குள் குடுமிப்பிடி சண்டை மூட்டியிருக்கிறது. இங்கிலாந்தில் தோற்று ஓடிப்போய், இருபத்தொரு வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

செம்மறி ஆட்டுக்கு இது கொண்டுவரும் நோயின் பெயர் 'ஷீப் ஸ்காப்'. நாம் சொறி என்று வைத்துக்கொள்வோம்.

மனிதனுக்குச் சிரங்கு கொண்டுவரும் உண்ணி தோலைத் துளைத்து உள்ளே சுரங்கம் போடும். இது அப்படியில்லை. கம்பளி ரோமத்துக்கு அடியில், தோலின் மேலேயே குடித்தனம் நடத்தும். தோலைச் சுரண்டும்; கசிகிற நீரைக் குடிக்கும்; அங்கேயே கழிவும் போடும். அந்தக் கழிவு ஆட்டின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் பயங்கர அலர்ஜி! ஆடு வேலியில் உரசும், மரத்தில் உரசும், தன் ரோமத்தைத் தானே கடித்துப் பிய்க்கும். மேய நேரமிருக்காது, தூங்க முடியாது. கொத்துக் கொத்தாகக் கம்பளி உதிரும். தோல் பொருக்குத் தட்டிப்போகும். எடை குறையும். சினை ஆடாக இருந்தால் குட்டியும் நோஞ்சானாகப் பிறக்கும். கவனிக்காமல் விட்டால், எலும்பும் தோலுமாகிச் செத்தும் போகும்.

முட்டையிலிருந்து வெளிவந்து, வளர்ந்து, அடுத்த தலைமுறைக்கு முட்டையிட இந்த உண்ணிக்கு இரண்டு வாரம் போதும். ஒரு பெண் உண்ணி தன் குட்டி வாழ்நாளில் பல டஜன் முட்டைகள் இடும். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. தொற்றிய முதல் சில வாரங்களுக்கு ஆடு ஜம்மென்று இருக்கும். எந்த அறிகுறியும் தெரியாது. சந்தையில் அதை வாங்குகிறவர் ஏமாறுகிறார். விற்கிறவருக்கே பல சமயம் விஷயம் தெரியாது. இது போதாதென்று, வேலியில் ஒட்டிக்கொண்ட கம்பளித் துணுக்கிலும் இந்த உண்ணி இரண்டு வாரத்துக்கு மேல் உயிரோடு காத்திருக்கும். அடுத்த மந்தை வந்து அதே கம்பத்தில் முதுகைச் சொறிந்துகொண்டால்... முடிந்தது கதை!

ஆக, இது ஒரு ஆட்டின் நோய் இல்லை. ஒரு மந்தையின் நோய்கூட இல்லை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற இரண்டு மனிதர்களின் பிரச்னை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

*

இந்தத் தொல்லை நேற்று வந்ததல்ல. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கேட்டோ என்று ஒரு கறார் ஆசாமி இருந்தார். பெரிய அரசியல்வாதி, விவசாயம் பற்றிப் புத்தகம் எழுதியவர். அதில் ஆட்டுச் சொறிக்கு ஒரு பக்குவமே கொடுத்திருக்கிறார். ஆலிவ் எண்ணெய் ஆட்டும்போது வடிகிற கசண்டு, லூபின் பயறு ஊறிய தண்ணீர், நல்ல ஒயினின் அடிவண்டல்... மூன்றும் சம அளவு. கம்பளி கத்தரித்ததும் இதை உடம்பெல்லாம் பூசி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, கடல் தண்ணீரில் கழுவ வேண்டும். கடல் பக்கத்தில் இல்லையா? உப்புத் தண்ணீர் கலந்துகொள் என்கிறார்.

சிரிக்காதீர்கள். கத்தரித்த உடனே மருந்து போட்டால் தோல்வரை போய்ச் சேரும் என்ற சூட்சுமம் அந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது!

அவருக்கு நூறு வருடத்துக்கு மேல் பின்னால் வந்த மகாகவி வர்ஜில், தன் விவசாயக் காவியத்தில் இதே நோயைப் பற்றிப் பாடினார். மூடி மறைக்க மறைக்கத்தான் நோய் வளரும் என்பது அவர் கட்சி. மருந்து போடாமல் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடையனை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. இந்த இடையனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னொரு கண்டத்தில் அவரை மறுபடி சந்திக்கப் போகிறோம்.

இங்கிலாந்துக்கு வருவோம். பதிமூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குக் கம்பளி என்றால் தங்கம். ஐரோப்பா முழுக்க அதற்குத்தான் மவுசு. 1275-ல் மன்னர் முதலாம் எட்வர்டு, ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கம்பளி மூட்டைக்கும் வரி போட்டு கஜானாவை நிரப்ப ஆரம்பித்தார். சொல்லிவைத்த மாதிரி, கிட்டத்தட்ட அதே சமயத்தில் நாட்டுக்குள் நுழைந்தது சொறி.

பழைய வரலாற்று ஏடுகள் இதற்கு ஒரு கதை சொல்கின்றன. பிரான்ஸ் தேசத்துப் பணக்காரர் ஒருவர், இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நார்தம்பர்லாந்துக்கு ஸ்பெயின் நாட்டுப் பெண் ஆடு ஒன்றைக் கொண்டுவந்தாராம். இரண்டு வயதுக் கன்றுக்குட்டி சைஸ் இருக்குமாம் அது! அந்த ஒரு ஆட்டிடமிருந்து நோய் கிளம்பி நாடு முழுக்கப் பரவி, இருபத்தெட்டு வருடம் ஆட்டிப்படைத்ததாம். கதை எந்த அளவுக்கு நிஜமோ, 'வெளியூரிலிருந்து வந்த ஒரே ஒரு ஆடு' என்ற விஷயத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அது திரும்பத் திரும்ப வரும்.

அடி பலமாக விழுந்தது மடாலயங்களுக்கு. யார்க்‌ஷயரில் ரீவோ என்று ஒரு பிரம்மாண்டமான மடம். இன்றும் அதன் இடிபாடுகளைப் பார்க்க டூரிஸ்டுகள் வரிசையில் நிற்கிறார்கள். இத்தகைய மடங்களின் துறவிகள், பல வருடக் கம்பளிக்கு முன்கூட்டியே விலை பேசி, இத்தாலிய வியாபாரிகளிடம் அட்வான்ஸ் வாங்கும் வழக்கம் இருந்தது. வாங்கிய பணத்தில் கோயில் கட்டுவார்கள். இந்த நிலையில் ஆட்டுக்குச் சொறி வந்தால்? கம்பளி எங்கே போய்க் கொடுப்பது? ரீவோ மடம் கடனில் மூழ்கி, 1270, 80-களில் ராஜாவின் நிர்வாகத்தின் கீழ் போகவேண்டியதாயிற்று. புள்ளி சைஸ் பூச்சி, கல் கோட்டை மாதிரியான மடத்தைச் சாய்த்துவிட்டது!

அப்போதைக்கு இருந்த ஒரே மருந்து தார். இடையர்கள் இடுப்பில் தார் டப்பா கட்டிக்கொண்டுதான் மேய்க்கப் போவார்கள். இங்கிலீஷில் 'அரைப் பென்னி தாருக்கு ஆசைப்பட்டுக் கப்பலைக் கெடுக்காதே' என்று அர்த்தம் வருகிற ஒரு பழமொழி உண்டு. கப்பலுக்குத் தார் பூசுவார்கள்தானே என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது 'ஷிப்' இல்லை, 'ஷீப்'! கிராமத்து உச்சரிப்பில் ஆடு கப்பலாகிவிட்டது!

பின்னால் தாரையும் வெண்ணெயையும் குழைத்து, கம்பளியை வகிடு வகிடாகப் பிரித்து, விரலால் தேய்க்கும் முறை வந்தது. ஒரு ஆளை ஒரு ஆட்டுக்கு மேல் உட்காரவைத்து, நாள் முழுக்கத் தேய்க்கச் சொன்னாலும் விரல்விட்டு எண்ணும் அளவு ஆடுகள்தான் முடியும். மந்தையில் ஆயிரம் ஆடு இருந்தால்? அதற்குள் முதல் ஆட்டுக்கு மறுபடி சொறி வந்திருக்கும்.

1798-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. சொறி பிடித்த ஆட்டைப் பொது மேய்ச்சல் நிலத்தில் விடக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால், சட்டம் போட்டால் மட்டும் போதுமா? மருந்து வேண்டாமா?

*

மருந்தோடு வந்தார் வில்லியம் கூப்பர். லண்டனுக்கு வடமேற்கே பெர்க்காம்ஸ்டெட் என்ற ஊரில் கால்நடை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். 1852-ல் ஒரு மஞ்சள் பவுடரைத் தயாரித்தார். முக்கியமான சரக்கு இரண்டு: ஆர்சனிக் என்கிற பாஷாணம், இன்னொன்று கந்தகம். தண்ணீரில் கரைத்துத் தொட்டியை நிரப்பு. ஆட்டை அதில் தள்ளு. தலையையும் ஒரு முக்கு முக்கி எடுத்து, மறுபக்கம் ஏறவிடு. அடுத்த ஆடு!

நாள் முழுக்கத் தேய்த்த வேலை, நிமிடக் கணக்குக்கு வந்துவிட்டது. 'கூப்பர்ஸ் டிப்' உலகம் சுற்ற ஆரம்பித்தது. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்கா... எங்கெல்லாம் கம்பளி ஆடு உண்டோ, அங்கெல்லாம் பெர்க்காம்ஸ்டெட் பாக்கெட் போனது. பாஷாணம் என்பதால் கையாளுகிறவருக்கு ஆபத்துதான். அன்றைக்கு அதைப் பற்றிக் கவலைப்பட்டவர் குறைவு. (விவசாயிகள் வரி கட்டாத விஸ்கியைப் பீப்பாயில் ஒளித்து, வெளியே 'ஷீப் டிப்' என்று எழுதிவைப்பார்களாம். அதிகாரி மோந்துகூடப் பார்க்க மாட்டார் என்று தைரியம்! அந்தப் பெயரில் இன்று ஒரு விஸ்கியே இருக்கிறது.)

மருந்து வந்தாயிற்று. ஆனால், அதில் ஒரு ஓட்டை. தொட்டித் தண்ணீர் உண்ணியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆகவே பத்துப் பதினான்கு நாள் கழித்து, முட்டை பொரிந்த பிறகு, இரண்டாம் முறை முக்கியே ஆகவேண்டும். மந்தையில் ஒரே ஒரு ஆடு அந்த இரண்டாவது முறையில் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் போச்சு. பக்கத்துத் தோட்டக்காரர் 'எனக்கெதுக்கு இந்த வெட்டிச் செலவு?' என்று சும்மா இருந்தாலும் போச்சு. நீங்கள் செய்த அத்தனையும் வீண்!

கவனியுங்கள்... இங்கேதான் வைத்தியம் முடிந்து அரசியல் ஆரம்பிக்கிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் செய்தால் மட்டுமே பலன் என்ற ஒரு காரியத்தை, எல்லோரையும் எப்படிச் செய்யவைப்பது?

ஆஸ்திரேலியா ஒரு பதில் கொடுத்தது. அந்தக் கண்டத்துக்கு ஆடே கிடையாது. எல்லாம் கப்பலில் போனவை. ஆரம்பத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் நம் வங்காளத்திலிருந்தும்கூட ஆடுகள் போயிருக்கின்றன. ஆட்டோடு சொறியும் போய் இறங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கம்பளிதான் அந்த நாட்டின் சோறு. ஆகவே கடுமையாக இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் எந்த மந்தையையும் நிறுத்திப் பார்க்கலாம். நோய் இருந்தால் புகையிலையும் கந்தகமும் கலந்த குளியல், அல்லது சுண்ணாம்பும் கந்தகமும். அதற்கும் மசியாவிட்டால் மந்தையையே வெட்டு! 1860-களில் நியூ சவுத் வேல்ஸில் ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். 'என் ஆட்டை வெட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போனால் எப்படி?' என்று கேட்க மாட்டார்களா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஆடு வைத்திருக்கும் எல்லோரிடமும் தலைக்கு இவ்வளவு என்று வசூல். அந்த நிதியிலிருந்து நஷ்டஈடு. நோயை மறைத்தால் அபராதம், சொன்னால் பணம். அப்புறம் எவன் மறைப்பான்? ஒவ்வொரு மாகாணமாகச் சுத்தமாகி, 1896-ல் ஆஸ்திரேலியா முழுக்கச் சொறி ஒழிந்தது. அதே 1890-களில் நியூசிலாந்தும் ஒழித்துக்கட்டியது. அன்றிலிருந்து இன்றுவரை இரண்டு நாடுகளிலும் அது தலைகாட்டவில்லை.

தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில் அதே சட்டம் வேறு மாதிரி வெடித்தது. 1894-ல், சிசில் ரோட்ஸ் பிரதமராக இருந்தபோது, காலனி முழுமைக்குமான சொறிச் சட்டம் வந்தது. கம்பளி விலை சரிகிறதே என்று கவலைப்பட்ட வியாபாரிகளும், வேலி போட்ட பெரிய பண்ணைக்காரர்களும் ஆதரித்தார்கள். உள்நாட்டில், டச்சு வம்சாவளி போயர் விவசாயிகளில் பலர் கொதித்தெழுந்தார்கள். கூட்டம், மனு, கண்டனம்! போயர்களின் கட்சியான ஆப்பிரிக்கானர் பாண்டுக்குள்ளேயே இரண்டு கோஷ்டி. 'நோய் ஆண்டவன் அனுப்பியது. அதைச் சட்டத்தால் நிறுத்துவதா?' என்று கேட்டவர்கள் உண்டு. (வர்ஜிலின் இடையனை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே!)

ஆனால், அவர்களை வெறும் பழமைவாதிகள் என்று தள்ளிவிடக் கூடாது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. வறண்ட பூமி. மழை எங்கேயோ அங்கே மந்தையை ஓட்டிக்கொண்டு போனால்தான் ஆடு பிழைக்கும். 'சர்ட்டிஃபிகேட் இல்லாமல் மந்தையை நகர்த்தாதே' என்கிறது சட்டம். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் ஆட்டை முக்கத் தொட்டித் தண்ணீருக்கு எங்கே போவது? வேலியும் தொட்டியும் உள்ளவருக்கு இந்தச் சட்டம் லாபம். சொந்த நிலமே இல்லாத ஏழை மேய்ப்பனுக்கு அது மரண தண்டனை மாதிரி. எல்லோருக்கும் நன்மை என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டத்தின் பில்லை யார் கட்டுகிறார்கள்? இந்தக் கேள்வி இத்தோடு முடியவில்லை.

*

பிரிட்டன் 1869-லேயே 'சொறி வந்தால் அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும்' என்று சட்டம் போட்டது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கட்டாய மருந்துக் குளியல். தேதி குறித்து, அதிகாரிக்குத் தகவல் சொல்லி, அவர் முன்னிலையில் ஆட்டை முக்க வேண்டும். அந்த அதிகாரி பெரும்பாலும் உள்ளூர் போலீஸ்காரராக இருந்தார். ஆரம்பத்தில் சொன்ன காட்சி இதுதான். சொறி குறைந்தது. ஆனால், ஒழியவில்லை. மலைப்பிரதேசங்களில், எல்லோருடைய ஆடும் ஒன்றாக மேயும் இடங்களில், ஒளிந்துகொண்டு தாக்குப்பிடித்தது. இரண்டு முறை முக்கவேண்டும் என்ற பழைய ஓட்டை!

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அந்த ஓட்டை அடைபட்டது. பி.ஹெச்.சி. என்ற புதிய ரசாயனம் வந்தது. இதன் விசேஷம், கம்பளியில் வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டை பொரிந்து குட்டி உண்ணி எட்டிப்பார்க்கும்போது மருந்து அங்கேயே காத்திருக்கும். ஒரு முக்கு போதும்! 1948 முதல் இது நடைமுறைக்கு வந்தது. நான்கே வருடம். 1952-ல் பிரிட்டனில் ஒரு ஆட்டுக்குக்கூடச் சொறி இல்லை. எழுநூறு வருடத் தொல்லை தீர்ந்தது.

நடந்தது என்ன தெரியுமா? ஜெயித்ததும் மறந்துபோனார்கள். சொறி என்றால் எப்படி இருக்கும் என்றே தெரியாத ஒரு தலைமுறை இடையர்களும் கால்நடை டாக்டர்களும் வந்தார்கள். தொட்டிகள் காய்ந்தன. 1973-ல் சொறி திரும்பி வந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்த ஆட்டோடு வந்திருக்க வேண்டும் என்பதுதான் பரவலான கணிப்பு. நார்தம்பர்லாந்து கதை, ரெண்டாம் பாகம்!

மறுபடி கட்டாயக் குளியல். மறுபடி இன்ஸ்பெக்டர். இந்த முறை கிளைமாக்ஸ் வேறு. உடம்பிலும் மண்ணிலும் கரையாமல் தங்கிவிடுகிறது என்று பி.ஹெச்.சி-யை 1980-களின் நடுவில் கைவிட்டார்கள். அதன் இடத்தைப் பிடித்தவை டையாசினான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள். 1930-களில் ஜெர்மனியில் பூச்சிமருந்து ஆராய்ச்சி செய்தபோது பிறந்த குடும்பம் இது. அதே ஆராய்ச்சியில்தான் டாபுன் என்ற நரம்பு விஷவாயுவும் பிறந்தது என்றால் புரிந்துகொள்வீர்கள். நம் நரம்பில் ஒரு செய்தி ஓடி முடிந்ததும், அதை 'ஆஃப்' செய்ய ஒரு என்ஸைம் இருக்கிறது. இந்த மருந்து அந்த ஸ்விட்ச்சைப் பிடித்துக்கொள்ளும். உண்ணிக்கு நடப்பது, அளவு மீறினால் மனுஷனுக்கும் நடக்கும்.

ஆட்டைத் தொட்டியில் தள்ளுவது நீச்சல் குளத்தில் இறங்குகிற மாதிரி நாசூக்கான வேலை இல்லை. நாற்பது, ஐம்பது கிலோ மிருகம் திமிறிக்கொண்டு விழும். தண்ணீர் முகத்தில் அடிக்கும், சட்டை நனையும், பூட்ஸுக்குள் இறங்கும். நூற்றுக்கணக்கான ஆடு. நாள் முழுக்க. தீரத் தீர, டப்பாவைத் திறந்து கெட்டி மருந்தை ஊற்றிக் கலக்க வேண்டும். ராத்திரி தலைவலி, குளிர், கை கால் குடைச்சல். 'டிப் ஃப்ளூ' என்று அதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்கள். சிலருக்குச் சரியாகவில்லை. வருடக்கணக்கில் அசதி, மறதி, மனச்சோர்வு. நாங்கள் இந்த மருந்தை விரும்பியா வாங்கினோம், சட்டம்தானே வாங்கச் சொன்னது என்பது அவர்களுடைய கேள்வி.

பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் இதை விடாமல் கேட்டவர் மார் சீமாட்டி. மிகப் பழமையான பட்டம் அவருடையது. ஆனால், கேள்வி கேட்டது பட்டத்தால் அல்ல. 1989-ல் தன் ஆடுகளுக்கு மருந்துக் குளியல் கொடுத்தபோது மருந்து மேலே பட்டு, உடல்நலம் கெட்டுப்போனவர் அவர். அந்தச் சபையின் நடுவில் ஒரு சிவப்பு மெத்தை உண்டு. உள்ளே அடைத்திருப்பது கம்பளி. ஒரு காலத்தில் ஆடுதான் நம்மை வாழவைத்தது என்பதற்கு அடையாளம்! அதன் முன்னால் நின்றுகொண்டு, ஆட்டை வளர்த்தவர்களின் கதி என்ன என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பதில்? அரைகுறை. எடின்பரோவின் தொழில் மருத்துவ நிறுவனம் 1999-ல் வெளியிட்ட ஆய்வு, தொட்டித் தண்ணீரைவிட, கலக்காத கெட்டி மருந்தைக் கையாளுவதுதான் பெரிய ஆபத்து என்று சுட்டிக்காட்டியது. அந்த வருடக் கடைசியில் டப்பாக்களை மாற்றி அமைக்கும்வரை இந்த மருந்துகளைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். கடுமையாக விஷம் ஏறியவர்களுக்குப் பின்விளைவு நீடிக்கக்கூடும் என்று நிபுணர்கள் ஒப்புக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டவர்களுக்கு? இன்றுவரை விவாதம்தான். உடம்பு போனவர்களுக்கு அந்த விவாதத்தால் என்ன லாபம், சொல்லுங்கள்.

இதற்கிடையே 1992-ல் அரசாங்கம் கையைக் கழுவியது. 'இனி கட்டாயக் குளியல் கிடையாது. அவரவர் ஆடு, அவரவர் பொறுப்பு!'

விளைவை யூகிக்க ஜோசியம் தேவையில்லை. சொறி கிடுகிடுவென்று பரவி நாடு முழுக்க நிரந்தரமாகத் தங்கிவிட்டது. 1952-ல் ஜெயித்த நாடு, தோற்றுப்போய் உட்கார்ந்தது.

*

'அதான் ஊசி வந்துவிட்டதே!' என்றார்கள். உண்மைதான். ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் பக்கத்து மண்ணிலிருந்து சடோஷி ஓமுரா ஒரு கிருமியைப் பிரித்தெடுக்க, அமெரிக்காவில் வில்லியம் கேம்ப்பெல் அதிலிருந்து மருந்துக்கு வழி கண்டார். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட ஐவர்மெக்டின்தான் அது. 1981-ல் முதலில் கால்நடைகளுக்குத்தான் வந்தது. மனிதனின் ஆற்றுக்குருடு நோயை அடக்கிய பெருமைக்காக இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் குடும்பத்து ஊசியைப் போட்டால் சொறி உண்ணியும் சாகும். தொட்டி வேண்டாம், தெறிக்கும் தண்ணீர் வேண்டாம்.

ஆனால், கையில் சுலபமான ஆயுதம் கிடைத்தால் என்ன செய்வோம்? தேவை இருக்கோ இல்லையோ, குத்துவோம். அளவு குறைத்துக் குத்துவோம். வயிற்றுப்புழுவுக்கும் அதையே குத்துவோம். 2018-ல் பிரிட்டனில் அந்த அறிவிப்பு வந்தது. இந்த ஊசிகளுக்குச் சாகாத சொறி உண்ணிகள் பிறந்துவிட்டன! இதற்கு நடுவே வந்த சைபர்மெத்ரின் குளியலும், ஓடைகளில் கலந்து தண்ணீர்ப் பூச்சிகளைக் கொல்கிறது என்று 2006-ல் நிறுத்தப்பட்டது. மிச்சம் இருப்பது என்ன? அதே டையாசினான். அதே தொட்டி. பயிற்சி பெற்ற சான்றிதழ், கவச உடை, வண்டியில் தொட்டியோடு வரும் காண்ட்ராக்டர் என்று ஜாக்கிரதை மட்டும் கூடியிருக்கிறது.

நம்பிக்கை தருகிற செய்தியும் உண்டு. ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு ரத்தப் பரிசோதனையைக் கண்டுபிடித்திருக்கிறது. தொற்றி இரண்டு வாரத்திலேயே, ஆடு சொறிந்துகொள்ள ஆரம்பிக்கும் முன்பே, 'இதற்கு இருக்கிறது' என்று காட்டிக்கொடுத்துவிடும். ரோமாபுரி காலத்திலிருந்து சொறிக்குப் பாதுகாப்பாக இருந்த அந்த 'தெரியாத சில வாரங்கள்' இப்போது இல்லை. 2010-ல் ஸ்காட்லாந்து, சொறி வந்தால் சொல்லியாக வேண்டும் என்ற சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. வேல்ஸில் அரசாங்கப் பணத்தில், நோய் கண்ட பண்ணையையும் அதைச் சுற்றியுள்ள பண்ணைகளையும் சேர்த்துப் பரிசோதித்து, ஒன்றாக வைத்தியம் பார்க்கிறார்கள். சேர்த்து... அதுதான் முக்கியம்.

ரோமாபுரிக் கேட்டோ காலத்திலிருந்து மருந்துகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆலிவ் கசண்டு, தார், பாஷாணம், புகையிலை, பி.ஹெச்.சி., ஊசி. ஜெயித்த இடங்களைப் பாருங்கள். மருந்தால் மட்டும் யாரும் ஜெயிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் நோயைச் சொன்னவனுக்கு நஷ்டஈடு கிடைத்தது, அதனால் மறைக்கவில்லை. கேப் காலனியில் சட்டத்தின் சுமை ஏழையின் தலையில் விழுந்தது; அதனால் எதிர்த்தான். பிரிட்டனில் கட்டாயப்படுத்தியவர்கள், கட்டாயத்தால் நோயாளியானவர்களைக் கண்டுகொள்ளவில்லை. அதனால் நம்பிக்கை போனது. நம்பிக்கை போனதும் எல்லோரும் அவரவர் வேலிக்குள் ஒதுங்கினார்கள்.

அந்த வெள்ளைப் புள்ளிக்கு அதுதானே வேண்டும்? வேலிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற மனுஷர்கள் பேசிக்கொள்ளாத வரைக்கும், கம்பத்தில் ஒட்டிய கம்பளியில் அது நிம்மதியாகக் காத்திருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல்!